பாயைச் சுருட்டிய பிறகும்: யோகா கேள்வி பதில்

ஆசனங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மனதைப் பற்றி. அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, சூரிய நமஸ்காரம் செய்யும்போதே ஆபீஸ் வேலை, இஎம்ஐ எல்லாம் ஓடுகிறது. உடம்பு தானாக நடக்கிறது. இதில் பலன் உண்டா?

பதில்: உடம்புக்கு உண்டு, தம்பி. மனதுக்கும் வேண்டுமென்றால் வேகத்தைக் குறையுங்கள். பன்னிரண்டு சுற்று வேண்டாம், நான்கு போதும். முதலில் மூச்சு, அதன் பின்னால் கை. அசைவு முடிந்த பிறகும் மூச்சு கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். சென்னையில் பல ஆண்டுகள் கற்பித்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யாவின் வழியில் மூச்சோடு அசைவைச் சேர்ப்பதுதான் அடிப்படை.

அப்படிச் செய்தாலும் இஎம்ஐ நினைவு வரும். வரட்டும். எந்த இடத்தில் நழுவுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். என் வகுப்பில் பெரும்பாலோர் நழுவுவது கடினமான நிலைகளில் அல்ல. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில். அங்கே ஒரு முழு மூச்சு நின்று, உள்ளங்கால் தரையில் அழுந்துவதை உணருங்கள். "அடடா, போய்விட்டேனே" என்று தெரிகிற நொடிதான் பயிற்சி. அதற்காக உங்களையே திட்டிக்கொண்டால் அதுவும் இன்னொரு யோசனையாகிவிடும்.

கேள்வி: மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனத்தில் தூங்கிவிடுகிறேன். தவறா?

பதில்: தவறில்லை, உங்களுக்குத் தூக்கம் பாக்கி இருக்கிறது. முழங்கையைத் தரையில் ஊன்றி முன்கையை மட்டும் நிமிர்த்தி வையுங்கள். கண் அசந்தால் கை சாயும், விழித்துக்கொள்வீர்கள். அப்புறம், இரவில் போனைச் சீக்கிரம் வைத்துவிடுங்கள்.

கேள்வி: திருமந்திரத்தில் வரும் மூச்சுக் கணக்கை அப்படியே செய்யலாமா? வயது 61, ரத்த அழுத்தம் உண்டு.

பதில்: வேண்டாம் ஐயா. பூரகம் (மூச்சை இழுப்பது) 16 மாத்திரை அளவு நேரம், கும்பகம் (உள்ளே அடக்குவது) 64, ரேசகம் (வெளியே விடுவது) 32 என்று திருமூலர் சொல்வது உண்மைதான். அது குருவின் பக்கத்தில் இருந்து படிப்படியாகப் போக வேண்டிய இடம். நீங்கள் மூச்சை அடக்கவே கூடாது. நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். எண்ணிக்கை மறந்தால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள், அவசரமில்லை.

கேள்வி: காலை ஐந்திலிருந்து பத்து வரை அடுப்படிதான். யோகாவுக்கு நேரமே இல்லை. நான் என்ன செய்வது?

பதில்: வாசலில் கோலம் போடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அங்கேயே தொடங்கலாம். புள்ளி வைக்கும்போது மனம் வேறெங்கோ போனால் சிக்குக் கோலத்தில் இழை வந்து சேராது; கோலமே காட்டிக்கொடுத்துவிடும். விரலிடுக்கில் மாவு நழுவுவது, குனிந்த இடுப்பு, காலை ஈரம், இவற்றோடு பத்து நிமிடம் இருங்கள். அதன் பிறகு ஒரே ஒரு வேலை, பாத்திரம் கழுவுவது என்று வைத்துக்கொள்வோம், அதையும் அப்படிச் செய்யுங்கள். எல்லா வேலையிலும் முயன்றால் சலித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்து மணிநேர வேலையை ஒருவரே சுமப்பதைச் சகித்துக்கொள்வதற்காக இதை நான் சொல்லித்தரவில்லை. வீட்டில் மற்றவர்களும் பங்கெடுக்கட்டும், கேளுங்கள்.

கேள்வி: கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் படபடப்பு அதிகமாகிறது.

பதில்: உடனே நிறுத்திவிடுங்கள். பலருக்கு இது உண்டு, வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. கண்ணைத் திறந்தே இருங்கள். மின்விசிறிச் சத்தம், கையில் இருக்கும் டம்ளரின் சூடு என்று வெளியே உள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உட்கார முடியாவிட்டால் மொட்டைமாடியில் மெதுவாக நடங்கள். யோகா செய்யாத நேரத்திலும் படபடப்பு வந்தால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாரம் நடந்து பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.