பிள்ளைகளோடு வடக்கே பிக்கரல் பிடிக்க: எந்த லொட்ஜ், எந்த ஏரி?

கேள்வி: ரொறன்ரோவில், ஸ்காபரோவில் வசிக்கிறோம். கணவர், நான், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயதில் அம்மா. ஜூலையில் லண்டனிலிருந்து அண்ணாவும் வருகிறார். எல்லோருமாக ஒரு கிழமை ஒன்ராறியோவின் வடக்கே ஒரு மீன்பிடி லொட்ஜில் (ஏரிக்கரை விடுதியில்) தங்கி, பிக்கரல் மீன் பிடிக்க ஆசை. வாசல்வரை கார் போகவேண்டும். எங்களில் ஒருவரும் படகு ஓட்டியதில்லை. படங்களைப் பார்த்தால் எல்லா லொட்ஜும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. எதைப் பார்த்துத் தெரிவுசெய்வது?

பதில்: லொட்ஜ் உரிமையாளரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: படகுத்துறையிலிருந்து முதல் மீன்பிடி இடத்துக்குப் படகில் எத்தனை நிமிடம்? பத்துப் பதினைந்து நிமிடம் என்றால் மேற்கொண்டு பேசலாம். முக்கால் மணி நேரம் என்றால், அது எவ்வளவு பேர்பெற்ற ஏரியாக இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு உரியதல்ல. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரத்தில் பசிக்கும், குளிரும், கழிப்பறைக்குப் போகவேண்டும். திரும்பிவரும் தூரம் குறைவாக இருந்தால் பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டு மற்றவர்கள் மறுபடி போகலாம். தூரமாக இருந்தால் ஒரு பிள்ளை அழுததற்காக எல்லோருடைய நாளும் முடிந்துவிடும்.

பிக்கரல் என்று கனடாவில் சொல்வதும் வால்ஐ என்று அமெரிக்கர் சொல்வதும் ஒரே மீன்தான். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் தன் இரையைவிட அதற்கு நன்றாகக் கண் தெரியும். உச்சி வெயிலில் ஆழத்துக்கோ பாசிக்குள்ளோ ஒதுங்கிவிடும். ஏரியைத் தெரிவுசெய்வதற்கு இந்தக் குணமே வழிகாட்டி. கண்ணாடிபோல் தெளிந்த ஏரி படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அங்கே பகலில் மீன் கடிப்பது அரிது. விடியலிலும் இருட்டும் வேளையிலும் போகத் தெரிந்தவருக்கே அது சரிவரும். தேயிலைச் சாயம்போல் பழுப்பான நீருள்ள ஏரியில் காலை பத்து மணிக்கும் மீன் கடிக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் பழுப்பு நீரைத்தான் தேடவேண்டும். "இரண்டு மீற்றர் ஆழத்தில் அடி தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்ற பதில்தான் உங்களுக்கு நல்ல பதில்.

அடுத்தது காற்று. உதாரணத்துக்கு, நோர்த் பே நகரை ஒட்டிய நிப்பிசிங் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 870 சதுர கிலோமீற்றர். சராசரி ஆழமோ 4.5 மீற்றர்தான். இவ்வளவு அகன்று இவ்வளவு ஆழம் குறைந்த நீரில் மேற்குக் காற்று எழுந்தால் குட்டையான செங்குத்து அலைகள் சிறிது நேரத்திலேயே வந்துவிடும். படகு பழகாதவர்களுக்கு அது ஆபத்து. அதே ஏரியில் தீவுகளும் ஒதுக்குக் குடாக்களும் உள்ள பக்கத்து லொட்ஜ் என்றால் கதை வேறு. ஆகவே ஏரியின் பெயரை மட்டும் பார்க்காமல், லொட்ஜ் எந்தக் குடாவில் இருக்கிறது, மேற்குக் காற்று அடிக்கும் நாளில் திறந்த நீரைக் கடக்காமல் மீன்பிடிக்க இடம் உண்டா என்று பாருங்கள். செய்மதி வரைபடத்தில் ஐந்து நிமிடம் செலவழித்தாலே தெரிந்துவிடும்.

தூரத்தைப் பொறுத்தவரை, ரொறன்ரோவிலிருந்து நோர்த் பேயும் பிரெஞ்ச் ரிவர் பக்கமும் நாலு மணி நேரத்துக்குள். நோர்த் பேக்கு வடக்கே இன்னும் நூறு கிலோமீற்றர் போனால் ரெமகாமி. சட்பரியிலிருந்து 144ஆம் நெடுஞ்சாலையில் கோகாமா பக்கம் போனால் கூட்டம் குறைவு, பழுப்பு நீர் ஏரிகள் அதிகம்; ஆனால் அது ஒரு முழு நாள் ஓட்டம். கெனோரா வினிபெக்காரருக்கு இரண்டு மணி நேரம், உங்களுக்கு இரண்டு நாள். முதல் பயணத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். "கார் போகும்" என்ற சொல்லையும் அப்படியே நம்பவேண்டாம். கடைசி எத்தனை கிலோமீற்றர் சரளைப் பாதை, மரலொறிகள் ஓடும் பாதையா, சாதாரண வான் மழைநாளிலும் போகுமா, கார் நிறுத்துமிடத்திலிருந்து படகில் ஏறித்தான் கபினுக்குப் போகவேண்டுமா என்று கேளுங்கள். பொழுதுபட முன்னர் போய்ச் சேருமாறு புறப்படுங்கள். இருட்டில் அந்த நெடுஞ்சாலைகளில் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே நிற்கும். அதன் கரிய உடலும் நீண்ட கால்களும் ஹெட்லைட் வெளிச்சத்தில் பிந்தித்தான் தெரியும்.

காலம் ஜூலை என்பது உங்களுக்கு நல்லது. வடக்கின் பெரும்பாலான மீன்பிடி வலயங்களில் பிக்கரல் பருவம் மே மாத மூன்றாம் சனிக்கிழமை திறக்கும். மீன் அப்போது ஆற்று வாய்களில் ஆழமற்ற நீரில் இலகுவாகக் கிடைக்கும். ஆனால் குளிர், அதைவிடக் கறுப்பு ஈ. பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வரும். ஜூலை முதல் பாதியில் கறுப்பு ஈ பெரும்பாலும் அடங்கிவிடும், நுளம்பு மட்டும் மிஞ்சும். நீந்தத் தண்ணீர் சூடாகியிருக்கும், சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் மறையும். இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்துவிட்டு ஏழிலிருந்து ஒன்பதுவரை மீன்பிடிக்கலாம். பிக்கரலும் அந்த நேரத்தில்தான் ஆழம் குறைந்த நீருக்கு வரும். நுளம்பு மருந்தில் இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரை டீட் (DEET) என்ற பொருள் பத்து வீதத்துக்கு மேல் கூடாது. இக்காரிடின் (icaridin) என்ற பொருள் உள்ளதென்றால் இருபது வீதம்வரை பூசலாம்.

இனிப் படகு. நீங்கள் ஆறு பேர். லொட்ஜ்களில் வழக்கமாகத் தருவது 16 அடி அலுமினியப் படகும் 20 அல்லது 25 குதிரைவலு என்ஜினும். படகின் தகட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். ஆனால் தூண்டில் வீசவும் வலையை நீட்டவும் இடம் வேண்டும் என்றால் மூன்று பேர்தான் சரி. எனவே ஒரு 16 அடிப் படகைக் கிழமை முழுவதற்கும் எடுத்து, இரண்டு நாளைக்கு மட்டும் ஒரு பொன்ரூன் படகையும் வாடகைக்கு எடுப்பதே எங்கள் ஆலோசனை. பொன்ரூனில் தளம் மட்டமாக இருக்கும். சுற்றிக் கம்பியும் மேலே நிழலும் இருக்கும். அம்மா கதிரையில் இருந்தே தூண்டில் போடலாம், பிள்ளைகள் எழுந்து நடக்கலாம். காற்றில் மட்டும் அது பாய்மரம்போல் இழுபடும். காற்றுள்ள நாளில் குடாவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பொன்ரூன் இல்லாத லொட்ஜை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலும் தவறில்லை.

என்ஜின் படகு ஓட்ட இயக்குநர் அட்டை வேண்டும். வாடகைப் படகென்றால், புறப்பட முன்னர் லொட்ஜ்காரர் விளக்கிச் சொல்லி, ஓட்டுபவரும் கையெழுத்திடும் வாடகைப் படகுப் பாதுகாப்புப் படிவம் அந்த வாடகைக் காலத்துக்குப் போதும். ஆனாலும் கணவரும் அண்ணாவும் இணையத்தில் அட்டைக்கான பாடத்தைப் படித்துவிட்டு வருவது நல்லது. துறையில் அவசரமாகக் கேட்கும் பத்து நிமிட விளக்கம் தலையில் நிற்காது. லைஃப் ஜக்கெற்றில் இன்னும் கவனம் வேண்டும். பெரியவர்களின் அளவு எல்லா லொட்ஜிலும் இருக்கும்; ஏழு வயதுக்காரரின் எடைக்கானது இருக்காமல் போகலாம். கனடிய அங்கீகாரம் பெற்றதாகக் கடையில் வாங்கி, போட்டுக் கட்டி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜக்கெற் காதுவரை எழும்பினால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். படகில் மட்டுமல்ல, துறையில் நிற்கும்போதும் பிள்ளைகள் அதைப் போட்டிருக்கவேண்டும்.

கபினைப் பற்றி: சாப்பாடு தரும் லொட்ஜும் உண்டு, நீங்களே சமைக்கும் கபினும் உண்டு. ஆறு பேருக்கு, அதுவும் அம்மா உடன் வருகையில், சமைக்கும் கபின்தான் வசதி. மின்சாரம் எப்படி என்று கேளுங்கள். ஜெனரேற்றரில் ஓடும் இடங்களில் ரைஸ் குக்கர் தாங்காது. காஸ் அடுப்பில் சோறு வடிக்கப் பெரிய பானை கொண்டுபோகவேண்டியிருக்கும். குடிநீர் சுத்திகரித்ததா, போத்தலில் கொண்டுபோகவேண்டுமா? மீன் வெட்டத் தண்ணீர்க்குழாயும் நுளம்பு வலையும் உள்ள தனிக்குடில் இருக்கிறதா? கழிவு எங்கே போகும்? கபினுக்குள் மீன் வெட்டினால் வாடைக்குக் கரடி வரும் என்பதால் பெரும்பாலான இடங்களில் அதற்குத் தடை. துறையிலிருந்து கபினுக்கு எத்தனை படிகள் என்பது அம்மாவின் முழங்காலுக்காகக் கேட்கவேண்டிய கேள்வி. விலையில் படகு, எரிபொருள், இரை, படுக்கை விரிப்பு எவையெல்லாம் அடக்கம், 13 வீத வரி சேர்த்தா சேர்க்காமலா என்று எழுத்தில் வாங்குங்கள். அருகிலுள்ள வைத்தியசாலை எவ்வளவு தூரம், கைத்தொலைபேசி எந்த இடம்வரை எடுக்கும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

மீன்பிடி அனுமதிப்பத்திரத்தில் உங்கள் வீட்டில் மூன்று விதம். ஒன்ராறியோவில் வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் தேவையில்லை. பிள்ளைகளும் அம்மாவும் இதற்குள் வருவார்கள். அம்மா அடையாள அட்டையை வைத்திருந்தால் போதும். நீங்களும் கணவரும் அவுட்டோர்ஸ் அட்டையும் (மீன்பிடிப்போருக்கு மாகாணம் தரும் அடையாள அட்டை) பத்திரமும் எடுக்கவேண்டும். அண்ணா கனடாவில் வசிக்காதவர் என்பதால் அதற்குரிய பத்திரம் வாங்கவேண்டும். அதில் எட்டு நாள் வகை உண்டு. பத்திரமின்றி மீன்பிடிக்கும் நாட்கள் ஆண்டில் சில உண்டு. அவற்றில் அன்னையர் தின வார இறுதியை நம்பி வடக்கே பிக்கரலுக்குப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அந்த ஞாயிறு எப்போதும் மே மூன்றாம் சனிக்கு முன்னரே வருவதால் பெரும்பாலான வலயங்களில் பருவம் திறந்திருக்காது.

எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்பது வலயத்தைப் பொறுத்தது. பல வடக்கு வலயங்களில் முழு விளையாட்டுப் பத்திரத்துக்கு (sport) நாலு, குறைந்த மீனே வைத்திருக்கவிடும் பாதுகாப்புப் பத்திரத்துக்கு (conservation) இரண்டு. நீளத்துக்கும் எல்லை உண்டு. நிப்பிசிங் போன்ற ஏரிகளுக்குத் தனி விதி. இது ஒரு நாளுக்கான கணக்கு மட்டுமல்ல, கையிருப்பின் கணக்கும்கூட. லொட்ஜ் உறைபெட்டியில் கிடப்பதும் ஸ்காபரோ வீட்டில் கிடப்பதும் சேர்த்தே எண்ணப்படும். பெட்டி நிறைய மீனோடு திரும்புவோம் என்ற எண்ணத்தில் போகாதீர்கள். நாளுக்கு நாள் பிடித்துச் சாப்பிடுவதுதான் இந்தப் பயணத்தின் சுவை.

இரையை ஸ்காபரோவில் வாங்கிக்கொண்டு போகவேண்டாம். 2022 முதல் ஒன்ராறியோ நான்கு இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குஞ்சுமீனையும் நீர் அட்டையையும் வாங்கிய வலயத்துக்குள்ளேயே பாவிக்கவேண்டும். பற்றுச்சீட்டும் கையில் இருக்கவேண்டும். லொட்ஜிலேயே வாங்குங்கள். பிள்ளைகளுக்கு மண்புழுதான் நல்லது. எட்டில் ஒரு அவுன்ஸ் அல்லது கால் அவுன்ஸ் ஜிக் தலையில் (கனமான தலையுள்ள கொளுக்கியில்) பாதிப் புழுவைக் கோர்த்துவிடுங்கள். முழுப் புழுவைக் கோர்த்தால் மீன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். படகை நிறுத்தி நேரே கீழே இறக்கி, நூல் தளர்ந்ததும் ஓர் அடி மேலே சுற்றி, அங்கேயே மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பொறுமையில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இரை அடியை விட்டு மேலே வந்துவிடும், மீனோ அடியில் இருக்கும். பிக்கரல் வெடுக்கென்று இழுக்காது. பாசியில் சிக்கியதுபோல் ஒரு கனம் மட்டும் தெரியும். அப்போது கோலை உயர்த்தவேண்டும். முதுகு முள்ளும் செவுள் மூடியின் விளிம்பும் கையைக் கிழிக்கும் என்பதால் கொளுக்கியைப் பெரியவர்களே கழற்றட்டும். முதல் நாள் காலை மட்டும் அரைநாள் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். அவர் காட்டும் மூன்று இடங்கள் கிழமை முழுவதற்கும் போதும்.

சமைக்க 35 முதல் 40 செ.மீ. மீன்களே நல்லவை, அந்த ஏரியின் நீளவிதி இடங்கொடுத்தால். பெரிய மீனில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும். மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டியில் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் ஏரிவாரியாகத் தனி அளவு போட்டிருக்கிறார்கள். போகும் ஏரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். சதை வெள்ளையாக, மெதுவாக இருக்கும். குழம்பில் கரண்டி போட்டால் உடைந்துவிடும். சொதிக்கு மிகப் பொருத்தம். பால் கொதித்து இறக்கும் தறுவாயில் துண்டுகளைப் போட்டுச் சட்டியைச் சுழற்றினால் போதும். வீட்டுக்குக் கொண்டுவருவதென்றால் ஒவ்வொரு துண்டிலும் தோலில் ஒரு பெரிய பகுதியை விட்டு, மீனை இனங்காணவும் எண்ணவும் கூடியதாக, பையில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். கட்டியாக உறைந்த ஒரு பை மீனை வழியில் அதிகாரி நிறுத்திப் பார்த்தால் எத்தனை மீன் என்று எண்ணமுடியாது, அதுவே குற்றமாகிவிடும்.