தண்டனை பெற்றவரின் குற்றப் பதிவை அழிக்க முடியுமா? ஓட்டுரிமை போய்விடுமா?

முதலில் ஓட்டுரிமை. இந்தியாவில் சிறையில் இருக்கும்வரைதான் ஓட்டுப் போட முடியாது. விடுதலையானதும் போடலாம், தேர்தல் குற்றங்களுக்கு மட்டும் தனி விதி. தேர்தலில் நிற்பது வேறு கதை: 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால், விடுதலைக்குப் பிறகும் 6 ஆண்டு தடை.

பதிவை அழிப்பதுதான் கஷ்டம். பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டமே இங்கே இல்லை. மேல்முறையீட்டில் விடுதலை பெறுவதே நேர்வழி. சிறார் என்றால், 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தகுதியிழப்பை நீக்கிப் பதிவையும் அழிக்கச் சொல்கிறது (16 வயது கடந்தவரின் கொடுங்குற்றங்களில் விலக்கு உண்டு).

சிறு வழக்குகளில் பலர் தவறவிடுவது 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ பிணைப்பத்திரம் வாங்கியோ விட்டால், 12ஆம் பிரிவுப்படி தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. ஆனால் குற்றத்தீர்ப்பு அப்படியே இருக்கும். அதற்குக் காரணமான நடத்தைக்காக அரசு வேலையில் துறை நடவடிக்கை வரலாம். ஆகவே தண்டனை அறிவிக்கும் முன்பே வக்கீலிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வேலை விண்ணப்பத்தில் கேட்டால் தயவுசெய்து மறைக்காதீர்கள். மறைத்ததே வேலையைப் பறிக்கக் காரணமாகலாம்.