போக்கிமான் அட்டை: பெற்றோர் எதுவரை?

கேள்வி: என் 9 வயது மகன், பளபளக்கும் போக்கிமான் (கார்ட்டூன் உயிரினங்கள் உள்ள விளையாட்டு) அட்டை ஒன்றைப் பள்ளியில் கொடுத்துவிட்டு, 10 சாதா அட்டைகளோடு வந்திருக்கிறான். தலையிடலாமா?

பதில்: முடிந்த பேரத்தைக் கலைக்கப் போகாதீர்கள், அடுத்ததற்குத் தயார்படுத்துங்கள். அட்டையின் கீழ் மூலையில் பொடிக்குறி ஒன்று இருக்கும்: வட்டம் என்றால் சாதாரணம், வைர வடிவம் என்றால் சற்று அரிது, நட்சத்திரம் என்றால் அரிது. கைமாற்றும் முன் அதைப் பார்க்கப் பழகட்டும். பிரியமானவை உறையிட்டு வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளி அனுமதித்தால், இரட்டையாக உள்ளவை மட்டும் பைக்குள் போகலாம். போலியில் பெரும்பாலும் பின்பக்க நீலம் மாறியிருக்கும், எழுத்துப்பிழையும் எட்டிப்பார்க்கும். உள்ளே எந்த அட்டை இருக்கும் என்று தெரியாததால், பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவது கிட்டத்தட்ட லாட்டரிதான்! விளையாடத்தான் ஆசையென்றால் ஆளுக்கு 60 அட்டைகள் கொண்ட தயார் கட்டு ஒன்று போதும். எதிரே நீங்களே உட்காருங்கள். முதலில் ஆளுக்கு 7 அட்டைகள் எடுக்க வேண்டும்.