அமெரிக்காவில் ஒரே ஊரில் அடுத்தடுத்த பள்ளி மாவட்டங்களுக்கு நிதி ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது?

அங்கே பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம். பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிக்கும். பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வரும், சிக்கலே அதில்தான்.

டெக்சாஸின் சான் அன்டோனியோவைப் பாருங்கள். 1960களின் கடைசியில் ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட்டில் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி, வசதியான அலமோ ஹைட்ஸில் 0.85தான். ஆனால் ஒரு மாணவருக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 356 டாலர், அலமோ ஹைட்ஸில் 594. அதிக விகிதத்தில் வரி கட்டியவன் பிள்ளைக்குக் குறைந்த பணம்! வீடுகளின் மதிப்பே குறைவு என்றால் வரி விகிதத்தை ஏற்றி என்ன பயன்? எட்ஜ்வுட் ஆசிரியர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முழுத் தகுதி இல்லாமல் அவசர அனுமதியில் வேலை பார்த்தவர்கள்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைவிரித்தது. கல்வி அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை இல்லையாம். அப்புறம் 1989இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் சொந்த அரசியல் சாசனத்தை வைத்து, ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றது. 1993 முதல் பணக்கார மாவட்டங்களின் உபரி வரியில் ஒரு பகுதி பகிரப்படுகிறது.

சரி, பணம் கூடினால் படிப்பு கூடுமா? தொடர்ந்து பல ஆண்டுகள் கிடைத்தால் ஏழைப் பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் படிக்கிறார்கள், பெரியவர்களானதும் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் நிர்வாகமும் ஒழுங்காக இருக்க வேண்டும்: அதே ஆண்டு எட்ஜ்வுட் வாரியத்தை ஓரங்கட்டி மாநிலமே நிர்வாகக் குழுவை நியமித்தது.