அண்ணன் மகனுக்கு இடி என்றாலே நடுக்கம்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறோம். அரையாண்டு லீவுக்கு மதுரையிலிருந்து அண்ணன், அண்ணி, ஒன்பது வயது மகன் வந்திருந்தார்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குக் கூட்டிப்போனோம். மத்தியானம் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று இருட்டிக்கொண்டு ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. முதலில் மரத்தடிக்கு ஓடினோம், பிறகு காருக்கு. கார் கண்ணாடி விரிசல் விட்டது. சாயங்காலம் தங்கியிருந்த புல்கூரை வீட்டுக்குப் பக்கத்திலேயே இடி விழுந்தது. ஊருக்குப் போன பிறகும் வானம் இருட்டினால் பையன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறானாம். “உன்னை நம்பித்தானே வந்தோம்” என்று அண்ணி சொன்னது மனசை அறுக்கிறது. அவர்களை மறுபடி கூப்பிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாகக் கூப்பிடலாம், சகோதரி. ஆனால் அதற்கு முன்னால் அண்ணியிடம் பேசுங்கள். மழை வந்தால் நான் என்ன செய்வேன் என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். பெற்றவளுக்கு அன்றைக்குப் பதறிய பதற்றம் இன்னும் அடங்கியிருக்காது. “அண்ணி, அன்னைக்குப் புள்ள நடுங்கினதைப் பார்த்து எனக்கும் கை கால் ஓடலை. இப்ப எப்படி இருக்கான்?” என்று கேளுங்கள். அவர் கொட்டித் தீர்க்கட்டும். வானிலை விளக்கமெல்லாம் அப்புறம்.

அந்த விளக்கம் இதுதான். அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை இடிமழைக் காலம். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, வெயிலில் சூடேறிய நிலத்தின் மேல் கிளம்பி, 3,000 மீட்டருக்கு மேல் சுவர் மாதிரி நிற்கும் அந்த மலையில் மோதி ஏறுகிறது. காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மேகம் கோபுரமாகத் திரண்டு இடிக்கும். அதனால்தான் அங்கே கோடையான இந்த மாதங்களில் அந்த மலையில் நடப்பவர்கள் விடிகாலையில் கிளம்பி, மத்தியானத்துக்குள் இறங்கப் பார்ப்பார்கள். நீங்கள் போன நேரம்தான் சரியில்லை.

மரத்தடிக்கு ஓடியது ஆபத்து. இதை மட்டும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேலும் தாவும், வேரோடு தரையிலும் பரவும். காருக்கு ஓடியது மிகச் சரி. கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், மின்னல் விழுந்தாலும் காரின் இரும்புக் கூடு அதை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கொண்டுபோய்விடும். கல்மழையில் கண்ணாடிப் பக்கம் முகம் காட்டாமல், பிள்ளையின் மேல் ஒரு போர்வையைப் போட்டுவிட வேண்டும்.

புல்கூரை வீட்டைப் பற்றியும் பையனிடம் சொல்லுங்கள். அங்கே எடுத்த போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும், கூரையைத் தொடாமல், அதைவிட உயரமாக ஒரு கம்பம் தனியாக நிற்கும். மின்னலைத் தன் மேல் வாங்கி மண்ணுக்குள் இறக்குவதற்குத்தான் அது. போட்டோவில் இருந்தால் அதைப் பையனுக்கு அனுப்புங்கள். தன்னை ஒன்று காவல் காத்து நின்றது என்று தெரிந்தால் அந்த ராத்திரியே அவன் மனசில் வேறு மாதிரி ஆகும். இல்லாவிட்டால் இருந்ததாகச் சொல்லி வைக்க வேண்டாம்.

இனி அவன் பயம். “ஆம்பளப் பையன் பயப்படலாமா” என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் அதை உடனே நிறுத்த வேண்டும். அந்தப் பேச்சு பயத்தைப் போக்காது. பயத்தை மறைக்கத்தான் பழக்கும். கட்டிலடியிலிருந்து இழுக்கவும் வேண்டாம். அம்மாவோ அப்பாவோ தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா” சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நிதானமாகச் சொன்னால் ஒரு அர்ஜுனாவுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி. இடியோசை ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பித்து, இடி கேட்டதும் மூன்றால் வகுக்கட்டும். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். ஆறு, பன்னிரண்டு, இருபத்தொன்று என்று ஏறினால் இடி அவனை விட்டு விலகிப் போகிறது. அதை அவனே கண்டுபிடிப்பான். முப்பது எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டால் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே போக வேண்டும். இதை வீடியோ காலில் நீங்களே சொல்லிக்கொடுங்கள். அத்தை மேல் இருக்கும் பயமும் அதில் போய்விடும். மதுரையில் கோடைமழை தொடங்குவதற்குள் பழக்கிவிட்டால் நல்லது.

தூக்கம் கெடுவது, படுக்கையை நனைப்பது, பள்ளிக்கூடம் போக மறுப்பது இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது.

அடுத்த முறை மே மாத லீவில் வரச் சொல்லுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலும் டிராக்கன்ஸ்பெர்க்கிலும் அப்போது மழை ஓய்ந்திருக்கும், இடி அபூர்வம். மலைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. போவதா வேண்டாமா என்பதைப் பையனே சொல்லட்டும். அண்ணியிடம் எல்லோருக்கும் கனமான ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லிவிடுங்கள். மே மாத ராத்திரி அங்கே நன்றாகவே குளிரும்.