தவணை கட்டும் முன் ஓர் ஒத்திகை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குச் செல்கிறோம், திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிடித்தம் போக இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 78,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை 14,000, மளிகை, பால், எரிவாயு, மின்கட்டணம், பெட்ரோல், கைப்பேசி எல்லாம் சேர்த்து 21,000, மாமனார் மாமியாருக்கு 8,000, வண்டிக் கடனுக்கு 4,500. வங்கி ஆர்.டி.யில் 10,000, நகைச் சீட்டுக்கு 5,000, எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா நடத்தும் ஏலச்சீட்டுக்கு 5,000 கட்டுகிறோம். இதுவரை சேர்ந்திருப்பது 6 லட்சம். காய்கறிக்கு உழவர் சந்தைக்குத்தான் போகிறோம். ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்துவிட்டோம். தினமும் நோட்டில் கணக்கு எழுதுகிறோம். அருகில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு 48 லட்சம் என்கிறார்கள். “வாடகைப் பணத்தையே தவணையாகக் கட்டினால் வீடு சொந்தமாகிவிடும், மத்திய அரசின் வட்டி மானியமும் உண்டு” என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா? (வாசகி, சரவணம்பட்டி, கோயம்புத்தூர்)

பதில்: இந்த வீட்டை இந்த விலைக்கு இப்போது வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் வீடு வாங்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டியதில்லை. உங்கள் கணக்கில் அதற்கு இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஓராண்டு அவகாசம் வேண்டும்.

முதலில் விற்பனையாளர் சொன்ன இரண்டையும் பார்த்துவிடுவோம். வட்டி மானியம் என்று அவர் குறிப்பிடுவது 2024-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை. அதில் வட்டி மானியம் பெற வேண்டுமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ளும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நாட்டில் வேறெங்கும் உங்கள் பெயரில் நிரந்தர வீடு இருக்கக் கூடாது. உங்கள் கைக்கு வரும் தொகையே ஆண்டுக்கு 9 லட்சத்து 36 ஆயிரம். வீடோ 48 லட்சம். ஆகவே மானியத்தை மறந்துவிடுங்கள். கிடைப்பவர்களுக்கும் அது அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம்தான், அதுவும் ஐந்து தவணைகளாகத்தான் வரும்.

“வாடகைப் பணத்தையே தவணையாக” என்ற வாசகத்தை எல்லா விற்பனை அலுவலகங்களிலும் கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனை வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கிகள் தரலாம். 48 லட்சத்தில் அது 38 லட்சத்து 40 ஆயிரம். எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு இதன் மாதத் தவணை ஏறத்தாழ 33,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 80 லட்சம் கட்டியிருப்பீர்கள். உங்கள் வாடகை 14,000. போதாததற்கு அடுக்குமாடியின் பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி ஆகியவை சொந்தக்காரராகிய உங்கள் தலையில் விழும். கட்டி முடிக்காத வீடு என்பதால், வங்கி கட்டுமானத்தின் நிலைக்கேற்பப் பணத்தை விடுவிக்க விடுவிக்க அதற்கான வட்டியையும் கட்டிக்கொண்டு, சாவி கைக்கு வரும் வரை வாடகையும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்தது கைப்பணம். வங்கி தராத 20 சதவீதம் 9 லட்சத்து 60 ஆயிரம். தமிழகத்தில் புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, மதிப்பு 50 லட்சத்துக்குள் இருந்தால், முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது ஏறத்தாழ 2 லட்சத்து 88 ஆயிரம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. 45 லட்சத்துக்கு உட்பட்ட, குறிப்பிட்ட பரப்பளவுக்கு மிகாத வீடாக இருந்தால் ஒரு சதவீதத்தோடு முடிந்திருக்கும்; 48 லட்சம் என்பதால் 5 சதவீதம், அதாவது 2 லட்சத்து 40 ஆயிரம். விலையைச் சற்றுக் குறைத்து 45-க்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்று லட்சக் குறைப்பு உங்களுக்கு ஐந்து லட்சத்துக்கு நெருக்கமான சேமிப்பாக மாறும். இவற்றுக்குப் பிறகு அலமாரி, சமையலறை மரவேலை, மின்விசிறி, கொசுவலைக் கதவு, கிரில், பால் காய்ச்சும் செலவு என்று எவ்வளவு சுருக்கினாலும் மூன்று லட்சம் போய்விடும். ஆகக் கையிலிருந்து வேண்டியது 18 லட்சம். உங்களிடம் இருப்பது 6. மீதி 12 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாம் என்று யாரேனும் யோசனை சொல்வார்கள். அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்யாதீர்கள்.

இப்போது உங்கள் சேமிப்புக்கு வருகிறேன். உழவர் சந்தையும் கணக்கு நோட்டும் நல்ல பழக்கங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொகைகளையெல்லாம் கூட்டினால் 67,500 ரூபாய்தான் வருகிறது; மீதி 10,500 மாதந்தோறும் எங்கே போகிறது என்பது கடிதத்தில் இல்லை. உங்கள் நோட்டிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். கீரைக்கட்டு இருபது ரூபாய் என்று எழுதும் நோட்டில், தீபாவளித் துணிமணி, பண்டிகைக்கு ஊருக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், வண்டிக் காப்பீடு, நாத்தனார் வளைகாப்பு, ஒரே முகூர்த்த மாதத்தில் வரும் நான்கு பத்திரிகைகளுக்கான மொய் ஆகியவை தினச் செலவாகத் தோன்றாததால் விட்டுப்போகின்றன. இவற்றை ஆண்டுக் கணக்காகப் பட்டியலிட்டு, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மொய்யை வெறும் செலவாகவும் கருத வேண்டாம். உங்கள் திருமண மொய் நோட்டைப் புரட்டினால் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது தெரியும், அது ஏற்கெனவே வாங்கிய கடன்தான். இந்த ஒழுங்கு வந்தால் 10,500-இல் பாதியாவது மிஞ்சும். வண்டிக் கடன் முடிந்ததும் அந்த 4,500-ஐயும் சேமிப்பில் சேர்த்தால் மாதம் 20,000 சேமிக்கும் நீங்கள் 30,000 சேமிக்க முடியும்.

அந்த 20,000 போகும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகைச் சீட்டு நகை அணிய விரும்புபவர்களுக்கானது. பதினொரு மாதம் கட்டினால் சேதாரத்தில் சலுகை கிடைக்கலாம், ஆனால் அதே நகையை வீட்டுக்காக விற்கும் நாளில் செய்கூலி, மிஞ்சிய சேதாரம், ஜி.எஸ்.டி. எதுவும் திரும்பி வராது. நடப்புச் சீட்டு முடிந்ததும் அந்தத் தொகையை ஆர்.டி.க்கு மாற்றுங்கள். ஏலச்சீட்டு நடத்தும் அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்படாத சீட்டில் நடத்துபவருக்கு நோயோ நொடியோ வந்தால் நீங்கள் கேட்டுப் போக இடமில்லை. இந்தச் சீட்டை இடையில் முறித்து மனக்கசப்பை உண்டாக்க வேண்டாம். முடித்துக்கொண்டு, அடுத்ததில் சேராமல் இருந்தால் போதும்.

நான் சொல்ல வந்த முக்கியமான யோசனை இதுதான்: தவணையை ஓராண்டு ஒத்திகை பாருங்கள். தவணை 33,300, வாடகை 14,000, வித்தியாசம் 19,300. அதை வங்கிக் கடன் போலவே பாவித்து, மாதத்தின் ஐந்தாம் தேதி தானாகப் பிடித்துக்கொள்ளும் புதிய ஆர்.டி.யில் போடுங்கள். எந்த மாதத்திலும் தவறக் கூடாது, இடையில் உடைக்கவும் கூடாது. இப்போதே 20,000 சேமிக்கிறோமே, இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது: இந்த வீட்டை வாங்கினால் உங்களுடைய இன்றைய சேமிப்பு முழுவதும் தவணைக்குப் போய், வேறு எதற்கும் சேமிப்பு இல்லாமல் போகும். ஆகவே ஒத்திகை என்பது 19,300-ஐ ஒதுக்கிய பிறகும் உங்களால் மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் தனியே சேர்க்க முடிகிறதா என்று பார்ப்பது. குழந்தை பிறந்து ஓராண்டு நீங்கள் வேலைக்குப் போக முடியாமல் போனால் ஒரே சம்பளத்தில் 33,300 கட்டியாக வேண்டுமே, அந்த ஓராண்டைத் தாங்குவது இந்த இரண்டாவது சேமிப்புத்தான். விருப்பமிருந்தால் ஒத்திகைக் காலத்தில் இரண்டு மாதங்கள் கணவர் சம்பளத்தில் மட்டும் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். காகிதத்தில் போடும் கணக்கைவிட அது தெளிவாகச் சொல்லிவிடும்.

மாதம் 30,000 சேமித்தால் மூன்று ஆண்டுகளில் ஆர்.டி. வட்டியோடு ஏறத்தாழ 12 லட்சம் சேரும். இருக்கும் 6 லட்சத்தோடு 18. அதற்குள் விலை ஏறிவிடாதா என்ற அச்சம் நியாயமானது, ஏறலாம். உங்கள் சம்பளமும் ஏறும். ஆனால் 18-ஐயும் வீட்டுக்கே கொட்டிவிட்டால் அவசரத்துக்கு ஒன்றுமிராது என்பதால், 48 லட்சம் என்ற இலக்கைவிட 36, 38 லட்சத்தில், சற்றுப் பழைய அடுக்குமாடியில், ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் வீடுகளையும் பார்க்கத் தொடங்குங்கள். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவும் சேர்த்து 9 சதவீதம் ஆகும், ஆனால் ஜி.எஸ்.டி. கிடையாது, காத்திருக்கும் காலத்து வாடகை கிடையாது, கோடையில் தண்ணீர் வருகிறதா என்பதை மாடிவீட்டுக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடன் 30 லட்சத்துக்குள் நின்றால் தவணை 26,000 ரூபாய்தான்.

கேள்வி: “அடுக்குமாடியில் காற்றுக்குத்தான் காசு; மனை வாங்கிப் போடு” என்கிறார் என் அப்பா. புறநகரில் மூன்று சென்ட் மனை 9 லட்சத்துக்கு வருகிறது. மனைவி பெயரில் பதிந்தால் கட்டணம் குறையுமா? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: குறையும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சத்துக்கு மிகாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. உங்களுக்கு அது 9,000 ரூபாய். மனைவி பெயரில் பதிவதற்கு 9,000 ரூபாயைவிட நல்ல காரணங்கள் உண்டு, அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. அடுக்குமாடியில் நிலத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு வருவது பிரிபடாத பாகம் (எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் ஒரு பங்கு) மட்டுமே, காலப்போக்கில் மதிப்பு ஏறுவது நிலத்துக்குத்தான். ஆனால் மனையில் குடியிருக்க முடியாது. வாடகை தொடரும், கட்டுவதற்குப் பின்னால் இன்னொரு கடன் வேண்டும். வாங்குவதென்றால், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஒப்புதல் தந்தார் என்பது செல்லாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தத்தான் அரசு வழி செய்தது. அதற்குப் பிந்தையதை அதில் சேர்க்க முடியாது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை நீங்களே பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பாருங்கள். தாய்ப் பத்திரம், பட்டா, புலப்படம் (நில அளவைத் துறையின் வரைபடம்) மூன்றிலும் சர்வே எண்ணும் உட்பிரிவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று விரல் வைத்து ஒப்பிட்டுவிட்டு, விற்பவர் காட்டும் வழக்கறிஞரிடம் போகாமல் நீங்களே தேடிய வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்குங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை மனையைப் போய்ப் பார்ப்பதும் நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது.

கேள்வி: கடனை வாங்கிவிட்டோம்: 30 லட்சம், இருபது ஆண்டு, எட்டரை சதவீதம். போனஸ் வரும்போது கடனில் கட்டலாமா, வைப்பு நிதியில் போடலாமா? (தம்பதியர், மதுரை)

பதில்: ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியே இருக்கிறதென்றால், கடனில் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட வங்கி அபராதம் கேட்கக் கூடாது. உங்கள் தவணை ஏறத்தாழ 26,000. ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டி வந்தாலே கடன் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக முடியும். வைப்பு நிதியின் வட்டி பொதுவாகக் கடன் வட்டியைவிடக் குறைவு, அதற்கு வரியும் உண்டு. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு, தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது என்பதால், வரிச் சலுகைக்காகக் கடனை நீட்டி வைக்கும் பழைய வாதமும் பொருந்தாது.

கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்க வேண்டுமா, காலத்தைக் குறைக்க வேண்டுமா என்று வங்கியில் கேட்பார்கள்; காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து ஆறரைக்கு ஏறியபோது, தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்த பலருக்குக் கடன் காலம் சத்தமில்லாமல் பல ஆண்டுகள் நீண்டுவிட்டது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன்தாரரே தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை வாங்கி, இன்னும் எத்தனை தவணைகள் மீதம் என்ற வரியைப் பாருங்கள்; நீங்கள் எதிர்பார்த்ததைவிட அது அதிகமாக இருந்தால் அன்றே கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.