கிரேக்கம் படிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

குடியாத்தத்தில் பி.ஏ. கடைசி வருடம் படிக்கிறேன். பிளேட்டோவைத் தமிழில் கொஞ்சம் படித்ததிலிருந்து கிரேக்கத் தத்துவத்தில் ஆய்வு செய்ய ஆசை. அம்மா பீடி சுற்றி என்னைப் படிக்க வைக்கிறார். “அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்கிறார். கிரேக்கமே தெரியாத நான் இதில் இறங்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. தத்துவத் துறை உள்ள கல்லூரிகளே நம் பக்கம் குறைவு, அதிலும் கிரேக்கத்துக்கென்று தனி வேலை கிடையாது. எம்.ஏ. தத்துவம் முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதுங்கள். அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். அம்மாவிடம் இந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுங்கள்.

சரி, மொழிக்கு வருவோம். ‘அரெதே’ என்று ஒரு கிரேக்கச் சொல். ஆங்கிலத்தில் ‘வெர்ச்சூ’ என்று போட்டார்கள், அதைப் பார்த்து நாம் ‘அறம்’ என்று எழுதிவிடுகிறோம். பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் முதல் பகுதியில் சாக்ரடீஸ் திராட்சைக்கொடி கழிக்கும் அரிவாளைப் பற்றிப் பேசுகிறார். கொடியைக் குத்துவாளாலும் வெட்டலாம், உளியாலும் வெட்டலாம், ஆனால் அதற்கென்றே அடித்த அரிவாள் போல வராது. அப்புறம், தனக்கென்று ஒரு வேலை உள்ள எல்லாவற்றுக்கும் ஓர் அரெதே உண்டு என்கிறார். கண்ணுக்கு உண்டு, காதுக்கு உண்டு. கண்ணின் அறம், காதின் அறம் என்று எழுதிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. பல நாள் இந்த இடத்தில் அல்லாடியிருக்கிறேன். கடைசியில் வழி காட்டியது குறள்தான். இறைமாட்சி, படைமாட்சி, மனைமாட்சி. அரசனுக்கும் படைக்கும் வீட்டுக்கும் வள்ளுவர் ‘மாட்சி’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறார். கண்ணின் மாட்சி, அரிவாளின் மாட்சி என்றால் வாக்கியம் எழுந்து நிற்கிறது! தமிழை நன்றாகப் படித்த ஒருவர் கிரேக்கத்துக்குள் போனால் இப்படி எத்தனை கிடைக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பரவசமாக இருக்கிறது.

பொறுமை மட்டும் நிறைய வேண்டும். கிரேக்கத் தத்துவ ஆய்வாளர் கிரிகரி விளாஸ்டோஸ் 1907இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர், கார்னெல், பிரின்ஸ்டன், பெர்க்லி என்று கற்பித்தவர். சாக்ரடீஸ் கேள்வி கேட்கும் முறை எதிராளியின் பேச்சில் உள்ள முரணைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது என்று 1956இல் எழுதினார். 1983இல், தான் முன்பு எழுதியது தவறு என்று அவரே எழுதினார். 27 வருடம் கழித்தும் அதே கேள்வியிடம் திரும்பி வந்திருக்கிறார்! சாக்ரடீஸ் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது 1991இல், 84 வயதில் அவர் இறந்த அதே வருடம்.

கிரேக்க எழுத்து மொத்தமே 24தான், ஒரு வாரத்தில் பழகிவிடும். ‘பெர்சியஸ்’ இணைய நூலகத்தில் பிளேட்டோவின் கிரேக்க மூலம் இலவசம். ஒரு சொல்லைத் தொட்டால் அதன் வேர், வேற்றுமை, காலம் எல்லாம் வரும், போனிலேயே பார்க்கலாம்.

இங்கே வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் தத்துவத்துக்கு வந்ததே, உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த பழைய பாடப்புத்தகங்களால்தான். என்னிடமும் கிரேக்க இலக்கணம் ஒன்று இருக்கிறது, அட்டை கிழிந்தது. வேலூர் வரும்போது அம்மாவையும் அழைத்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்